தாளைக் கொடுத்தது யார்?

போன வாரம் ஞானசுந்தரியைக் காதில் போனோடு நிற்கவைத்துவிட்டு நாம் பாட்டுக்கு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். சேலத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கக் கூப்பிட்டாள். மறுமுனையில் அவள் குரலே எடுத்து, "வணக்கம். புதிய நோயாளி என்றால் எண் ஒன்றை அழுத்தவும்" என்றது. குரல் கொடுப்பது அவள் தொழில்தான், ஆனால் அந்த ஆஸ்பத்திரிக்கு அவள் ஒரு வரிகூடப் பேசிக் கொடுத்ததில்லை.

அது நடந்து எட்டு நாள் ஆகிவிட்டது. எட்டு நாளில் அதே குரல் இன்னும் எங்கெங்கே கேட்கிறது என்று அவள் ஊரான நாகலூரே துப்புத் துலக்கிவிட்டது. ஒரு சமையல் நிகழ்ச்சியில் கேட்டது. ஒரு மெத்தை விளம்பரத்தில் கேட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு ராசிபலன் ஆப்பில் கேட்டது. "மேஷ ராசி அன்பர்களே, இன்று தெற்குத் திசைப் பயணத்தைத் தவிர்க்கவும்."

இருபது வருஷமாக ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறவள், வெள்ளிக்கிழமை ராசிபலன் சொன்னால் சபை என்ன நினைக்கும்? கமிட்டிக்காரர்கள் தன்மையாகத்தான் சொன்னார்கள். "இதுக்கு ஒரு முடிவு தெரியற வரைக்கும் நீங்க வாசிக்க வராம கீழயே உக்காந்துக்கங்க, சிஸ்டர்." போன ஞாயிறு அவள் கீழே உட்கார்ந்துகொண்டாள். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, வழக்கமாக அவளைச் சுற்றி நின்று பேசுகிறவர்களுக்கெல்லாம் அன்றைக்கென்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

விஷயம் கேள்விப்பட்டு மகள் ஷெர்லின் பெங்களூரிலிருந்து ஓடி வந்தாள். இன்று சனிக்கிழமை. பதினோரு மணிக்கு, மலைமேல் கடைவீதியான ஒண்டிக்கடையில் வக்கீல் ஹரிஹரன் ஆபீசுக்கு, அவள் குரலை மிஷினில் உருவாக்கி விற்கிற கம்பெனியின் ஆள் ஆதாரத்தோடு வருகிறான். ஞானசுந்தரிக்கு வேண்டியது ஒன்றுதான். தான் சொல்லாததைத் தன் வாயால் யாரும் சொல்லக் கூடாது.

"இன்னொருக்கா சொல்றேன், கேட்டுக்கங்கம்மா," என்றாள் ஷெர்லின், தலை சீவிக்கொண்டே. "நீங்க சம்மதம் சொன்ன மாதிரி ஒரு ரெக்கார்டிங் போட்டுக் காட்டுவாங்க. அதையும் மிஷினே பேசியிருக்கும். 'இது நான் பேசலை'ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுருங்க."

"நாந்தான் அப்படி எதுவும் பேசலையே சாமி."

"அதான். அதையே சொல்லுங்க."

மூன்று நாளாக மகள் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஞானசுந்தரிக்கு அந்தக் கவலைகூட இனித்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடலாம். ஷெர்லின் வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆறு நிமிஷம் பேசுவாள். சாப்டீங்களா, மழைங்களா, அப்பா எங்க, வெச்சுடட்டுங்களா. இப்போது மூன்று நாள் முழுசாக ஊட்டில் இருக்கிறாள். இதற்காகவாவது குரல் திருட்டுப் போனது நல்லதுதான் என்று ஒரு கணம் நினைத்து, அப்புறம் அந்த நினைப்புக்கு வெட்கப்பட்டாள்.

கணவர் கிறிஸ்துதாஸ் காபி எஸ்டேட்டில் ரைட்டர். விடிந்ததும் ஆட்களின் பேரைக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பப் போய்விடுவார். அங்கே அறுபது பேரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வருகிறவர், ஊட்டுக்கு வந்தால் வாயைத் திறப்பது சாப்பிடத்தான். ஞானசுந்தரி பகலெல்லாம் பின்னறையில், சுவரில் ஜமக்காளமும் பழைய ரஜாயும் தொங்க, மைக் முன்னால் பேசுவாள். கதைப் புத்தகம், பாடப் புத்தகம், விளம்பரம். எந்த ஊரிலோ லாரி ஓட்டுகிறவர்களும் தூக்கம் வராதவர்களும் அதைக் கேட்பார்கள். சாயங்காலம் கதவைத் திறந்து வெளியே வந்தால், பேச ஒரு ஆள் இருக்காது.

அந்த வேலையும் நாலு மாதமாக வரவில்லை. ஏன் வரவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. அவளையே வைத்து அவளுக்குப் போட்டி.

பஸ்ஸில் பலசரக்குக் கடை தனலட்சுமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. நெதமும் காத்தால உங்க கொரலத்தான் கேக்கறேன். போன வாரம் நீங்க சொன்ன மாதிரியே எனக்குச் சளி புடிச்சுக்கிச்சு."

"அது நான் சொல்றதில்லீங்க."

"அது தெரியுதுங்க. ஆனா உங்க கொரல்ல சொன்னா ஒரு நம்பிக்கை வருது பாருங்க."

ஷெர்லின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஞானசுந்தரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெளியே பனி இறங்கி, சில்வர் ஓக் மரங்களுக்கு இடுப்புக்கு மேல் ஒன்றுமே இல்லாமல் இருந்தது.

வக்கீல் ஆபீஸ் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில். ஹரிஹரன் சேலத்துக்காரர், சனிக்கிழமை மட்டும் மலை ஏறுவார். கம்பெனி ஆள் பிரவீன் முன்னாலேயே வந்து லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தான். கெட்ட ஆளாகத் தெரியவில்லை. எழுந்து நின்று கும்பிட்டான். "மேடம், உங்க குரலுக்கு எங்க ஆபீஸ்லயே ரசிகர்கள் இருக்காங்க" என்றான். ஆறுதலாகச் சொல்வதாக அவனுக்கு நினைப்பு.

நடந்ததை ஹரிஹரன் ஒரு தடவை சுருக்கிச் சொன்னார். இரண்டு வருஷம் முன்பு கிறிஸ்துமஸ் சமயத்தில், பிரவீன் கம்பெனிக்குக் குரல் சேர்த்துக் கொடுக்கிற ஒரு ஏஜென்சி, பேச்சு ஆராய்ச்சி என்று சொல்லி ஆயிரத்து இருநூறு வாக்கியங்களை அனுப்பியது. ஞானசுந்தரி வாசித்துக் கொடுத்தாள். அப்போது வேலை இல்லாமல் ஊட்டில் இருந்த மகள், பதிவுகளை அனுப்பி உதவினாள். அந்த ஆயிரத்து இருநூறில் சம்மதம் என்ற பேச்சே கிடையாது.

"இருக்குதுங்க சார்," என்றான் பிரவீன். ஒரு பட்டனை அமுக்கினான்.

லேப்டாப்பிலிருந்து ஞானசுந்தரி பேசினாள். "இந்தக் குரலுக்குச் சொந்தக்காரராகிய நான், இதைப் போன்ற குரலை உருவாக்கவும், எந்தத் தேவைக்கும் எக்காலத்துக்கும் பயன்படுத்தவும் முழு மனதோடு சம்மதிக்கிறேன்."

"மிஷின் பேசறது," என்றாள் ஷெர்லின் உடனே. "நல்லாத் தெரியுது. அம்மா, சொல்லுங்க."

ஞானசுந்தரி சொல்லவில்லை. பையிலிருந்து தன் ஹெட்போனை எடுத்தாள். எங்கே போனாலும் அவள் பையில் அது இருக்கும். மற்றவர்கள் ஸ்பீக்கரை அவள் நம்புவதில்லை. "இதுல போடுங்க தம்பி. மொதல்ல இருந்து போடுங்க. அறுக்காம."

காதை மூடிக்கொண்டதும் பேக்கரியும் ஒண்டிக்கடையும் போய்விட்டன. பின்னறை வந்தது. அவளுடைய அறைதான், ஜமக்காளம் சத்தத்தைக் குடிக்கிற விதத்திலேயே தெரிந்தது. தூரத்தில் வளைவில் பஸ் ஹாரன். நீளமான வரிக்கு முன்னால் அவள் எச்சில் விழுங்குகிற சின்னச் சத்தம். எத்தனையோ பதிவுகளில் அவளே அறுத்து எறிந்த சத்தம் அது. அதற்கும் முன்னால், தாள் சரசரக்கும்போது, மைக்கிலிருந்து எட்ட, மெதுவாக இன்னொரு குரல்.

"இது கடைசித் தாளும்மா. சும்மா படிச்சுருங்க."

இன்னொரு தடவை போடச் சொன்னாள். மூன்றாம் தடவை கேட்கத் தேவை இருக்கவில்லை.

எப்படி மறந்தாள் என்று கேட்கலாம். இருபது வருஷமாக மைக் முன்னால் வைத்த தாளை வாசிப்பது அவள் பிழைப்பு. அந்தத் தாளில் வருகிற 'நான்' ஒருநாளும் அவள் இல்லை. ஒரு நாள் அந்த 'நான்' ராஜாவாக இருக்கும், ஒரு நாள் சோப்பு வாங்கின இல்லத்தரசியாக இருக்கும். ஆயிரத்து இருநூறு வாக்கியம் வாசித்துத் தொண்டை கட்டிய சாயங்காலத்தில், ஆயிரத்து இருநூற்று ஒன்றாவதையும் அதே மாதிரி பிழையில்லாமல் வாசித்திருக்கிறாள். வாசித்து முடித்து, காபி போட எழுந்து போயிருக்கிறாள்.

ஹெட்போனைக் கழற்றினாள். மூன்று பேரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"குரல் என்னோடதுதானுங்க. மிஷின் இல்லை."

"அம்மா!"

"இரு கண்ணு." பிரவீனைப் பார்த்தாள். "தம்பி, போன வருஷம் ஒரு நாவல்ல 'நாந்தான் அவளுக்கு விஷம் வெச்சேன்'னு படிச்சேன். அதுக்கு என்னையப் புடிச்சு ஜெயில்ல போட்டுருவாங்களா?"

பிரவீன் லேப்டாப்பைப் பார்த்தான். ஹரிஹரன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வக்கீல்களுக்கு இப்படி ஒரு வரி கிடைத்தால் போதும்.

"பிரவீன், உங்க கம்பெனி விதியிலயே இருக்குதுங்க. என்ன எழுதியிருக்குதுன்னு வெளக்கிச் சொல்லாம வாங்கின சம்மதம் செல்லாது. சரிதானுங்களா?"

"சரிதான் சார். ஆனா விளக்கிச் சொன்னதா ஏஜென்சி எழுதிக் கொடுத்திருக்கு. சொல்லலைன்னா, அந்தத் தாளைக் கொடுத்தது யாருன்னு மேடம் சொல்லணும். பேர் வந்தா நாங்க குரலை எல்லா இடத்துல இருந்தும் எடுத்துடுவோம். அந்த ஆள் மேல ஏஜென்சி நடவடிக்கை எடுக்கும்." கொஞ்சம் நிறுத்தினான். "பேர் இல்லைன்னா, ராசிபலனை மட்டும் எடுத்துடறோம். மத்ததெல்லாம் இருக்கும். நான் அஞ்சு மணிக்கு மலை இறங்கறேன். அதுக்குள்ள சொன்னா நல்லது."

"அம்மா," என்றார் ஹரிஹரன். "யாருங்க குடுத்தா?"

ஒரு பேர். சொன்னால் ஆஸ்பத்திரியும் மெத்தையும் மேஷ ராசியும் வாயை மூடும். ஞாயிற்றுக்கிழமை அவள் எழுந்து நின்று வாசிக்கலாம்.

ஞானசுந்தரி ஹெட்போனை மகள் பக்கம் நீட்டினாள்.

"நீயும் ஒருக்கா கேளு, சாமி. மொதல்ல இருந்து."

ஷெர்லின் வாங்கிப் போட்டுக்கொண்டாள். ஞானசுந்தரி மகளின் முகத்தையே பார்த்தாள். அந்த இடம் வந்தபோது ஷெர்லினின் இமை ஒரு தடவை மூடித் திறந்தது. பெற்றவளுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. சொல்லிவிடு கண்ணு, என்று மனசுக்குள் கெஞ்சினாள். நீயாகச் சொன்னால் நான் உன் பக்கம் நிற்பேன். கம்பெனியாவது குரலாவது, எல்லாம் போகட்டும்.

ஷெர்லின் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"ஒண்ணும் இல்லைங்க சார். அம்மா குரல் மட்டுந்தான் இருக்குது."

இருவரும் மாடிப்படி இறங்கினார்கள். பேக்கரி வாசலில் டூரிஸ்ட்டுகள் பன் தின்றுகொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது.

"நான் இப்படியே கெளம்பறேம்மா. திங்கக்கிழமை காலைல மீட்டிங் இருக்குது."

"துணியெல்லாம் ஊட்டுல கெடக்குதே."

"இருக்கட்டும்."

"எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா, கண்ணு?"

"என்ன சொல்லணும்?" ஷெர்லின் படியில் ஒரு காலை வைத்துவிட்டாள். "மிஷின்னு சொல்லுங்கன்னு அத்தனை தடவை சொன்னேனே. நீங்கதான் கேக்கலை."

பஸ் போய்விட்டது. கொண்டை ஊசி வளைவில் ஹாரன் சத்தம் வருகிறவரை ஞானசுந்தரி அங்கேயே நின்றாள். அப்புறம் வாழவந்தி போகிற பஸ்ஸில் ஏறி, தப்பு என்று இறங்கி, நாகலூர் பஸ்ஸைத் தேடினாள். முப்பது வருஷத்தில் அவள் பஸ் மாறி ஏறியதில்லை.

ஊட்டுக்கு வந்தபோது மணி நாலு இருக்கும். சனிக்கிழமை அரை நாள், கிறிஸ்துதாஸ் வந்திருந்தார். அதிசயமாக அவரே டீ போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றி வைத்திருந்தார்.

"பாப்பா எங்க?"

"போயிட்டா."

நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். வக்கீல் சொன்னது, பிரவீன் சொன்னது, அஞ்சு மணி. மகளின் குரல் கேட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை. தகப்பன் மனசு தாங்காது என்று நினைத்தாள். பஸ்ஸில் வரும்போதே முடிவு பண்ணியிருந்தாள். பேரைச் சொல்லப் போவதில்லை. பெற்ற பிள்ளையை ஒருத்தி காட்டிக் கொடுப்பாளா? குரல் போகட்டும். மெத்தை விற்கட்டும்.

"யாரு குடுத்தாங்கன்னு கேட்டாங்களா?" என்றார் கிறிஸ்துதாஸ்.

"கேட்டாங்க."

"நீ சொல்லலையே?"

அந்தக் கேள்வியின் வேகத்தில் ஞானசுந்தரி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, உங்களுக்குத் தெரியுமா?"

அவர் வெகுநேரம் டீயை ஆற்றினார். ஆறிப்போன டீயை எதற்கு ஆற்றுகிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

"அந்தக் கிறிஸ்துமஸப்பவே, நீ படிக்கறதுக்கு முன்னாலயே பாப்பா எங்கிட்டச் சொல்லிப்போட்டா. அவ இப்ப வேலை பாக்கறாளே, பேரு வேறயா இருந்தாலும் அதுதான் அந்த ஏஜென்சி. பத்துக் கொரலு சம்மதத்தோட கொண்டாந்தா வேலை போட்டுக் குடுக்கறோம்னாங்களாம். ஒம்பது கெடச்சுருச்சாம்."

"பத்தாவது நானுங்களா?"

"வெளிய சொல்லாதீங்கப்பான்னு அழுதா. நாலு வருஷம் வேலை இல்லாம இருந்த புள்ள, ஞானம். நீ எதக் குடுத்தாலும் படிக்கிற ஆளு. ஒரு தாளு சேத்திப் படிச்சா என்ன கொறஞ்சு போகுதுன்னு நெனச்சேன்."

"எங்கிட்டக் கேட்டிருந்தா?"

"கேட்டா நீ மாட்டேன்னு சொல்லியிருப்பே."

கணவரின் முகத்தில் பொய் இல்லை. அதுதான் அவளைக் குத்தியது. தெரியாமல் செய்திருந்தால் அழுது தீர்த்திருக்கலாம். மாட்டேன் என்பாள் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் அவளைச் சும்மா படிக்க விட்டிருக்கிறார்கள். இரண்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் அந்த ஆறு நிமிஷத்துக்குள், சாப்டீங்களா மழைங்களா என்பதற்குள், 'அப்பா எங்க' என்று கேட்டு போன் அவர் கைக்குப் போனதும் அவர் வாசலுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பேசினாரே, அது இதுதானா? இந்த எட்டு நாளாக அவள் ராத்திரி புரண்டு புரண்டு படுத்தபோது, பக்கத்தில் விழித்துக்கொண்டு சும்மா கிடந்தாரே?

ஊரில் யாருமில்லாதவர்கள் உண்டு. அவர்களுக்காவது தாங்கள் தனி என்று தெரியும். ஞானசுந்தரிக்கு இன்று சாயங்காலம் வரை அது தெரியாது.

"அவளுக்காக நான் வாயை மூடிக்கலாம்னுதான் இருந்தேனுங்க," என்றாள். "எனக்கு நீங்க தொணை இருக்கறீங்களேன்னு நெனச்சு. இப்ப எனக்கு யாருங்க இருக்கா, இந்த ஊட்டுல?"

கிறிஸ்துதாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். போன் அடித்தது. மணி ஐந்தாவதற்குப் பத்து நிமிஷம். ஹரிஹரன்.

"அம்மா, பிரவீன் வண்டியில ஏறிட்டாருங்க. பேரு தெரியலைன்னா பரவாயில்லை, ராசிபலனை மட்டும் எடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்தரட்டுங்களா?"

கிறிஸ்துதாஸ் எழுந்து வந்துவிட்டார். கையை நீட்டினார், போனை வாங்குகிற மாதிரி. "வேண்டாம் ஞானம். அவளுக்கு வேலை போயிரும். அவ உன்ற புள்ள."

ஞானசுந்தரி ஒரு அடி பின்னால் போனாள். போனை மறு காதுக்கு மாற்றினாள். வாயைத் திறந்தபோது குரல் நடுங்கவே இல்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

"அவரை எறங்கி வரச் சொல்லுங்க சார். எழுதிக்கச் சொல்லுங்க. தாளைக் குடுத்தது யாருன்னும் சொல்றேன், தெரிஞ்சும் எங்கிட்ட மறைச்சது யாருன்னும் சொல்றேன். பேரு ஒண்ணு இல்லீங்க, ரெண்டு."